மேட்டுப்பாத்தியில் உருளைக்கிழங்கு: தோண்டும் நாளில் தெரியவருவது

தக்காளி வெடித்தால் கண்ணுக்குத் தெரிந்துவிடும், வெண்டை முற்றினால் கைக்குத் தெரிந்துவிடும். உருளை அப்படியில்லை. மூன்று மாதம், மூன்றரை மாதம் செடி பச்சைப்பசேலென்று தளதளத்து நிற்கும். தோண்டினால் கோலிக்குண்டு அளவில் ஆறு கிழங்கு வரும். பக்கத்துச் செடி அரை ஆள் உயரம்கூட வளர்ந்திருக்காது, அதன் அடியில் ஒரு கிலோ கிடக்கும். மேலே தெரிவதை வைத்துக் கீழே இருப்பதைக் கணிக்க முடியாத பயிர் இது.

ஆனால் தோண்டிய கிழங்கு எதையும் மறைக்காது. தோலில் சொறி இருந்தால் கிழங்கு பிடித்த முதல் வாரங்களில் மண் காய்ந்திருக்கிறது. தோள்பட்டையில் பச்சை படர்ந்திருந்தால் செடியின் அடியைச் சுற்றி மண் அணைத்தது போதவில்லை. கிழங்கின்மேல் இன்னொரு குட்டிக் கிழங்கு முட்டிக்கொண்டு நின்றால் தண்ணீரோ வெயிலோ நடுவில் ஏறி இறங்கியிருக்கிறது. நடுவே வெட்டும்போது பொந்து தெரிந்தாலும் அதே கதைதான். செடி கொழுத்து, கிழங்கு இல்லையென்றால் தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சியது அல்லது மண் சூடு கூடியது. இதைத் தெரிந்துகொண்டு விதைக்கும் நாளுக்குத் திரும்பினால், செய்யவேண்டியவை தாமாகவே வரிசைக்கு வந்துவிடும்.

முதலில் ஒரு விஷயம். உருளைக்கிழங்கு வேர் அல்ல, தண்டு. விதைக்கிழங்கிலிருந்து மேலே எழும் தண்டில், மண்ணுக்குள் புதைந்திருக்கும் கணுக்களிலிருந்து வெள்ளையாகச் சில கொடிகள் பக்கவாட்டில் ஓடும். இவற்றை ஓடுதண்டு என்பார்கள். அவற்றின் நுனி பருத்தால் அதுதான் கிழங்கு. கிழங்கின் மேல் நாம் பார்க்கும் கண்கள், தண்டின் கணுவில் இருக்கும் மொட்டுகள். கேரட் கீழ்நோக்கி இறங்கும். உருளையோ, விதைத்த இடத்துக்கும் மண்ணின் மேற்பரப்புக்கும் இடைப்பட்ட அடுக்கில்தான் பெரும்பாலும் பிடிக்கும். அந்த அடுக்கு எவ்வளவு கனமாக, எவ்வளவு குளிர்ச்சியாக, எவ்வளவு சீரான ஈரத்தோடு இருக்கிறது என்பதுதான் விளைச்சல்.

பாத்தியும் சூடும்

மேட்டுப்பாத்தி என்பது நாலு பக்கமும் சுவர் வைத்து, உள்ளே மண் நிரப்பிய பாத்தி. 4 அடி அகலம், 8 அடி நீளம் வீட்டுத் தோட்டத்துக்கு வசதியான அளவு. இரண்டு பக்கமும் நின்று கையை நீட்டினால் நடுவரை எட்டும், உள்ளே மிதிக்க வேண்டியதில்லை. சுவர் உயரம் ஒன்றரை அடி வைத்துக்கொள்ளுங்கள். பாத்தியின் அடி தரைமண்ணோடு சேர்ந்திருந்தால் 1 அடி சுவரும் ஓடும், வேர் கீழே இறங்கிக்கொள்ளும். சிமெண்ட் தளத்தின் மேல் வைத்த பாத்தி என்றால் ஒன்றரை அடிக்குக் குறைக்கக் கூடாது, தண்ணீர் வடிய அடியில் வழியும் வேண்டும். பழைய ரயில் தண்டவாளக் கட்டைகள் மலிவாகக் கிடைக்கிறதென்று சுவருக்குப் போடாதீர்கள். அவற்றில் ஊறியிருக்கும் தார் எண்ணெய் உணவுப் பயிருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டிய பொருளே அல்ல.

மேட்டுப்பாத்தியின் பலம் தெரிந்ததே: தண்ணீர் தேங்காது, மண் பொலபொலவென்று இருக்கும், தோண்ட சுலபம். பலவீனத்தைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நாலு பக்கமும் வெயில் படுவதால் மண் தரையைவிடச் சீக்கிரம் சூடேறும், சீக்கிரம் காயும். உருளைக்குப் பிடிக்காத இரண்டும் இவைதான். கிழங்கு பிடிக்க மண்ணின் வெப்பம் 15 முதல் 20 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் நல்லது. 25-ஐத் தாண்டினால் வேகம் குறையும். 30-ஐ நெருங்கினால் கிழங்கு பிடிப்பது ஏறக்குறைய நின்றுபோகும், இலை மட்டும் வளர்ந்துகொண்டிருக்கும். தகரச் சுவரும் கறுப்புப் பிளாஸ்டிக் பையும் இந்தப் பயிருக்கு ஏன் அவ்வளவாகப் பொருந்துவதில்லை என்பதற்கும் காரணம் அதுதான். மரப்பலகை பரவாயில்லை. பலகைக்கு இடையில் விரிசல் இருந்தால் உள்பக்கம் சாக்கு ஒட்டி அடைத்துவிடுங்கள். அந்த இடுக்கு வழியாக வரும் வெளிச்சமே ஓரக் கிழங்கைப் பச்சையாக்கப் போதும்.

ஆகவே நடும் மாதத்தை நாட்காட்டி பார்த்து முடிவு செய்யாமல் மண்ணைப் பார்த்து முடிவு செய்யுங்கள். குளிர் அதிகமுள்ள இடங்களில், உறைபனி விலகி, 4 அங்குல ஆழத்தில் காலை நேர மண் வெப்பம் 8 முதல் 10 டிகிரிக்கு வந்தபின் நடலாம். வெப்பமான இடங்களில் கணக்கு தலைகீழ்: இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இறங்கத் தொடங்கும் காலத்தில் நட்டு, கோடை திரும்பும் முன் எடுத்துவிட வேண்டும். அங்கே 75 முதல் 90 நாளில் விளையும் குறுகிய கால ரகமே கைகொடுக்கும், 120 நாள் ரகம் கடைசி மாதத்தில் வெயிலில் மாட்டிக்கொள்ளும். நடும் நாளில் குளிராக இருப்பதைவிட, நட்ட ஐந்தாவது வாரத்திலிருந்து பத்தாவது வாரம் வரை இரவுகள் குளிர்ச்சியாக இருப்பது முக்கியம். அந்த வாரங்களில்தான் கிழங்கு பிடித்துப் பருக்கிறது.

மண் கலவை

சுவர் ஒன்றரை அடி என்றாலும், நடும்போது 1 அடி உயரத்துக்குத்தான் மண் நிரப்ப வேண்டும். விளிம்புவரை நிரப்பிவிட்டு, பிறகு மண் அணைக்க இடமில்லாமல் விழிப்பதுதான் மேட்டுப்பாத்தியில் உருளை போடுபவர்கள் செய்யும் முதல் தவறு. 4 × 8 அடிப் பாத்தியில் 1 அடி நிரப்ப ஏறக்குறைய 900 லிட்டர் கலவை பிடிக்கும். அதில் 500 லிட்டர் தோட்டமண், 300 லிட்டர் நன்றாக மட்கிய தொழு உரம் அல்லது இலைமட்கு, 100 லிட்டர் பருமணலோ தென்னை நார்க்கழிவோ போதும். மேலே அணைப்பதற்காக இதே கலவையில் இன்னும் 300, 400 லிட்டரைச் சாக்குகளில் தனியாகக் கட்டி வையுங்கள். நார்க்கழிவு அதிகம் சேர்த்தால் மண் இலேசாக இருப்பது போலத் தோன்றும். ஆனால் ஒருமுறை முழுக்கக் காய்ந்துவிட்டால் மறுபடி நனைய அடம்பிடிக்கும், ஊற்றிய தண்ணீர் ஓரமாக வழிந்தோடிவிடும்.

சாம்பல் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. கிழங்குப் பயிருக்குச் சாம்பல்சத்து (பொட்டாசியம்) வேண்டும் என்பது சரி. அதற்காக அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டுவது தவறு. சாம்பலும் சுண்ணாம்பும் மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும். உருளைக்கு 5 முதல் 6 வரையிலான பி.எச் அளவு, அதாவது இலேசான புளிப்பு மண், ஒத்துவரும். அதற்கு மேலே போகப் போக, தோலில் தக்கை போல மேடுதட்டும் சொறி நோய் கூடும். இதை உண்டாக்கும் நுண்ணுயிரி மண்ணிலேயே வாழ்வது. புளிப்பு மண்ணும் ஈர மண்ணும் அதற்கு ஆகாது, உலர்ந்த கார மண் கொண்டாட்டம். பச்சைச் சாணமும் சொறியைக் கூட்டும், ஆறு மாதமாவது மட்கியிருக்க வேண்டும். சொறி விழுந்த கிழங்கைத் தோல் சீவிச் சாப்பிடலாம், கெடுதல் இல்லை. விதைக்கு மட்டும் வைக்காதீர்கள்.

வெளியிலிருந்து தொழு உரம் வாங்குகிறவர்களுக்கு இன்னொரு சோதனை அவசியம். மாடு தின்ற வைக்கோலில் களைக்கொல்லி எச்சம் இருந்தால், சில வகைகள் மாட்டின் வயிற்றையும் எருக்குழியையும் தாண்டி உரத்திலேயே வந்து சேரும். உருளையும் தக்காளியும் அவரை இனங்களும் இதற்கு எளிதில் பலியாகும்: குருத்திலை கிண்ணம் போலக் குவிந்து, நரம்பு நெருங்கி, சுருண்டு நிற்கும். வைரஸ் நோய் என்று நினைத்துப் பலர் ஏமாறுவார்கள். உரம் வந்த அன்றே மூன்று தொட்டிகளில் அந்த உரம் கலந்த மண்ணும், மூன்றில் உரம் கலக்காத மண்ணும் போட்டு பீன்ஸ் விதை ஊன்றுங்கள். மூன்று வாரத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வளர்ந்தால் பயமில்லை.

மேலே சொன்ன அளவு மட்கு சேர்த்திருந்தால் தழைச்சத்துக்குப் பெரிதாகக் கவலை வேண்டாம். கூடுதலாகப் பொட்டாசியம் சல்பேட் இந்தப் பாத்திக்கு 90 கிராம், மேல் அரையடியில் கலந்துவிடலாம். மியூரியேட் ஆஃப் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் குளோரைடு, மலிவு, ஆனால் அதிலுள்ள குளோரைடு கிழங்கின் மாவுத்தன்மையைக் குறைக்கும். தழைச்சத்து கொடுப்பதானால் முதல் மண் அணைப்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். பூ வந்தபின் யூரியாவோ மீன் அமிலமோ ஊற்றினால் செடி மறுபடி இளமைக்குத் திரும்பி இலைவிடும், கிழங்கு காத்திருக்கும்.

விதைக்கிழங்கு

சமையலறைக் கூடையில் முளைத்த கிழங்கை நட்டாலும் செடி வரும், மறுக்கவில்லை. ஆனால் அதில் மூன்று சிக்கல். கடைக்கு வரும் கிழங்கு முளைக்காமல் இருக்க மருந்து அடிக்கப்பட்டிருக்கலாம், அப்போது முளை அரைகுறையாக வரும். என்ன ரகம், எத்தனை நாள் பயிர் என்பது தெரியாது. மூன்றாவதுதான் முக்கியம்: இலைச்சுருட்டு, தேமல் போன்ற வைரஸ்கள் கிழங்கு வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போகும், வெளியே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வாடல் நோயின் பாக்டீரியாவும் அப்படியே வந்து உங்கள் மண்ணில் குடியேறிவிடலாம். சான்று பெற்ற விதைக்கிழங்கு விலை கூடத்தான். 16 செடிக்கு 1 கிலோ போதும் என்பதால் அந்தச் செலவில் சிக்கனம் பார்ப்பதில் அர்த்தமில்லை.

கோழிமுட்டை அளவு, 40 முதல் 60 கிராம், முழுக்கிழங்கு சிறந்தது. அறுவடையான கிழங்கு இரண்டு, மூன்று மாதம் உறங்கும். அதுவரை சாதாரணமாக முளைக்காது. உறக்கம் கலைந்தபின் முட்டை அட்டையில், கண்கள் நெருக்கமாக உள்ள முனை மேலே பார்க்க அடுக்கி, நேர்வெயில் படாத வெளிச்சமான குளிர்ந்த இடத்தில் 3 முதல் 5 வாரம் வையுங்கள். வெளிச்சத்தில் வரும் முளை குட்டையாக, தடித்து, பச்சையாகவோ ஊதாவாகவோ இருக்கும். அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வந்தால் நடலாம். இருட்டில் வைத்தால் வெள்ளை நூலாக நீளும், நடும்போது ஒடிந்து போகும்.

முளை மயிரிழை போல மெல்லியதாக வந்தால் அந்தக் கிழங்கு வேண்டாம். நோயாகவோ கிழமாகவோ இருக்கும். மிகவும் வயதான விதைக்கிழங்கை நட்டால் இலையே வராமல், முளையின் நுனியிலேயே பட்டாணி அளவில் கிழங்கு கட்டிக்கொண்டு நின்றுவிடுவதும் உண்டு.

ஒரு கிழங்கில் எத்தனை முளை விடுவது என்பது நீங்கள் என்ன கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. ஒவ்வொரு முளையும் ஒரு தண்டு, ஒவ்வொரு தண்டும் தனிச் செடி போலத்தான் கிழங்கு வைக்கும். நான்கைந்து முளையையும் விட்டால் எண்ணிக்கை கூடும், அளவு சிறுக்கும். பெரிய கிழங்கு வேண்டுமென்றால் தடித்த இரண்டு அல்லது மூன்றை வைத்துக்கொண்டு மீதியைத் தேய்த்துவிடுங்கள். குட்டிக்கிழங்கு வறுவல் பிடித்த வீடாக இருந்தால் கையே வைக்க வேண்டாம்.

பெரிய கிழங்கை வெட்டி நடுவது உண்டு. துண்டுக்கு 2 கண், 40 கிராமுக்குக் குறையாத எடை. ஒவ்வொரு கிழங்கை வெட்டியபின்னும் கத்தியை ஸ்பிரிட்டோ பிளீச் கரைசலோ தொட்டுத் துடைக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு கிழங்கின் நோய் கத்தியேறி எல்லாவற்றுக்கும் போகும். வெட்டிய முகம் தோல் கட்ட நிழலில் காற்றாட இரண்டு, மூன்று நாள் பரப்பி வையுங்கள். அன்றே வெட்டி அன்றே நட்டால் மழையோ சூடோ சேரும்போது அழுகிவிடும். மண் வெதுவெதுப்பாக இருக்கும் இடங்களில் வெட்டாமல் முழுதாக நடுவதே மேல்.

நடவு, மண் அணைப்பு

இரண்டே வரிசை. சுவரிலிருந்து 1 அடி உள்ளே தள்ளி, வரிசைக்கு வரிசை 2 அடி, செடிக்குச் செடி 1 அடி. வரிசைக்கு 8 வீதம் 16 செடி. இடம் வீணாகிறதே என்று மூன்றாவது வரிசை நுழைக்க மனம் துடிக்கும். நுழைத்தால் அணைக்க மண் இருக்காது, காற்று ஓடாது, கருகல் வந்தால் ஒரே வாரத்தில் மொத்தமும் போகும். சுவரை ஒட்டி நட்டவை சூட்டில் கிழங்கு குறையும்.

குழி 4 முதல் 5 அங்குல ஆழம். முளை மேலே பார்க்க வைத்து, அழுத்தாமல் மூடுங்கள். நடும்போது மண் பிசுபிசுப்பில்லாத ஈரத்தில் இருந்தால், முளை வெளியே வரும்வரை தண்ணீர் தேவையில்லை. விதைக்கிழங்குக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது. 3 அங்குலம் கீழே விரல் விட்டுப் பார்த்து முழுக்கக் காய்ந்திருந்தால் மட்டும் இலேசாகத் தெளிக்கலாம். நட்ட மறுநாளிலிருந்து தினம் ஊற்றுவது பாசத்தால் அழுக வைக்கும் வேலை. வெளியே வர 2 முதல் 4 வாரம் ஆகும்.

செடி 8 அங்குலம் வந்ததும் சாக்கிலிருக்கும் கலவையை எடுத்து 4 அங்குலம் அணையுங்கள், நுனியில் பாதிச் செடி வெளியே இருக்கட்டும். இரண்டு, மூன்று வாரம் கழித்து இன்னொரு 3, 4 அங்குலம். மேலிருந்து கொட்டுவதுதான் நல்லது. பக்கத்து மண்ணைக் களைக்கொத்தால் இழுத்து அணைத்தால் ஓடுதண்டுகள் அறுபடும், அறுபட்ட ஒவ்வொன்றும் ஒரு கிழங்கு இழப்பு. மொட்டு கட்டும் முன் இந்த வேலை முடிந்துவிட வேண்டும். வெளிச்சம் பட்ட ஓடுதண்டு கிழங்கு வைக்காது, இலைவிட்டுத் தனிக்கிளையாகிவிடும்.

அணைக்க அணைக்கக் கிழங்கு மாடி மாடியாகப் பிடிக்கும், ஆளுயரப் பெட்டியில் மூட்டை உருளை எடுக்கலாம் என்று படம் போட்டுக் காட்டுவார்கள். நம்பிச் செய்தவர்கள் பெட்டியைப் பிரித்துப் பார்த்தால் அடியில் ஒரு அடுக்குக் கிழங்கும் மேலே மூன்றடி வெறும் மண்ணும்தான் பெரும்பாலும் இருக்கும். விதைக்கு மேலே 8, 10 அங்குலம் மண் வந்தபின் கூட்டுவதால் பலனில்லை. உணவு தயாரிக்க வேண்டிய இலையைப் புதைப்பதுதான் மிச்சம்.

இரண்டாவது அணைப்பு முடிந்ததும் வைக்கோலோ காய்ந்த இலையோ 3, 4 அங்குலம் மூடாக்குப் போடுங்கள். மேட்டுப்பாத்திக்கு இது அலங்காரம் அல்ல. மண் சூட்டையும் ஈர இழப்பையும் குறைக்க இதைவிட மலிவான வழி கிடையாது. நத்தை உள்ள இடங்களில் மட்டும், மாலையில் மூடாக்கைத் தூக்கிப் பார்த்துப் பொறுக்க வேண்டியிருக்கும்.

தண்ணீர்

வாரத்துக்கு 1 அங்குல மழைக்குச் சமமான தண்ணீர் என்பது அடிப்படைக் கணக்கு. இந்த அளவு பாத்திக்கு அது 75 லிட்டர். காற்றும் வெயிலும் கூடினால் 110 வரை போகும். ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு, மூன்று தவணையாகக் காலையில், இலையில் படாமல் வேரில். வரிசைக்கு ஒரு சொட்டுநீர்க் குழாய், 1 அடிக்கு ஒரு சொட்டுவான் போட்டால் கவலை விட்டது. 4 அங்குலம் கீழே மண்ணை எடுத்துப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலில் தண்ணீர் கசியக் கூடாது.

பயிர்க்காலம் முழுக்க இதே கவனம் வேண்டியதில்லை. நட்டு ஐந்து முதல் ஏழு வாரத்தில், பல ரகங்களில் மொட்டு தெரியும் சமயத்தில், ஓடுதண்டின் நுனி பருக்கத் தொடங்கும். அன்றிலிருந்து நான்கு முதல் ஆறு வாரம் பாத்தி ஒருநாள்கூடக் காயக் கூடாது. இளங்கிழங்கின் தோலில் காற்றுத் துளைகள் உருவாகும் காலம் அது. மண் காய்ந்தால் சொறிக் கிருமி அந்தத் துளை வழியாகத்தான் நுழையும். அடுத்து, காயவிட்டுத் திடீரென்று நிறைய ஊற்றுவது. நின்ற வளர்ச்சி மறுபடி தொடங்கும்போது தோல் ஈடுகொடுக்க முடியாமல் வெடிக்கும், நுனி கூராக நீளும், குட்டிக் கிழங்கு முளைக்கும், நடுவில் பொந்து விழும். ஊருக்குப் போய் ஒருவாரம் கழித்துத் திரும்பி, குற்ற உணர்ச்சியில் குழாயைத் திறந்துவிட்ட பாத்திகளில் இவை அத்தனையும் ஒன்றாகப் பார்க்கலாம். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: மண் எப்போதும் சொதசொதவென்றிருந்தால் அதே காற்றுத் துளைகள் வெள்ளைப் பொரி போல உப்பிக்கொள்ளும், அதன்பின் அழுகல் சுலபம்.

பூ வருவது கிழங்குக்குச் சான்றல்ல. சில ரகங்கள் பூக்காமலே நன்றாக விளையும். பூ காயாகி, பச்சைத் தக்காளிக் குட்டி போலத் தொங்கினால் குழந்தைகள் வாயில் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது நஞ்சு.

நோயும் பூச்சியும்

பின்பருவ இலைக்கருகலைத் தவிர மற்றவற்றுக்குப் பதற வேண்டாம். 1845-ல் தொடங்கி அயர்லாந்தில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் மடிந்த பஞ்சத்துக்குக் காரணமான அதே நோய் இன்றும் ஈரமான குளிர்வாரங்களில் வருகிறது. இலையின் ஓரத்திலோ நுனியிலோ தண்ணீரில் ஊறினாற்போலக் கரும்பச்சைத் திட்டு, சுற்றி வெளிறிய வளையம், காலையில் இலையைத் திருப்பினால் ஓரமாக வெள்ளைப் பூசணம். இந்த மூன்றும் சேர்ந்தால் சந்தேகமே வேண்டாம். தண்டும் கறுத்து, சில நாட்களில் பாத்தி வெந்து போனது மாதிரி ஆகிவிடும். தாமிரக் கலவை மருந்து நோய் வருமுன் இலையில் படிந்திருந்தால் தடுக்கும், வந்தபின் குணப்படுத்தாது. நோய் பரவிவிட்டால் செடியைத் தரைமட்டத்தில் அறுத்துப் பாத்தியை விட்டு வெளியேற்றுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். இரண்டு வாரம் பொறுத்துக் கிழங்கைத் தோண்டினால் மண்மேல் விழுந்த வித்துகள் கிழங்கில் ஒட்டாது. பதறி அன்றே தோண்டினால் சேமிப்பில் பழுப்பாக அழுகும்.

முன்பருவக் கருகல் அடியிலைகளில் வட்டத்துக்குள் வட்டமாக, குறிபார்க்கும் பலகை போலத் தெரியும். பசியால் வாடிய செடியையும் வயதான செடியையும்தான் அதிகம் பிடிக்கும். அடியிலையைக் கிள்ளி எடுத்தால் போதும். பகலில் வாடி இரவில் தெளிந்து, பிறகு மொத்தமாக வாடும் செடியின் தண்டை வெட்டி, கண்ணாடித் தம்ளர் தண்ணீரில் தொங்கவிட்டுப் பாருங்கள். பால்நூல் போல இறங்கினால் பாக்டீரியா வாடல். அந்தச் செடியை மண்ணோடு எடுத்துவிட்டு, அந்தப் பாத்தியில் பல ஆண்டுகளுக்கு உருளை, தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் வேண்டாம்.

அசுவினி தின்பதைவிடப் பரப்புவதுதான் கெடுதல், வைரஸ் அதன் வழியே வரும். இலைக்கடியில் கூட்டம் தெரிந்தால் தண்ணீரைப் பீய்ச்சியே உதிர்க்கலாம். வண்டுகளையும் இலைக்கடியில் குவியலாக ஒட்டியிருக்கும் மஞ்சள் முட்டைகளையும் 16 செடியில் கையால் நசுக்குவது பத்து நிமிட வேலை. கிழங்கு அந்துப்பூச்சி மட்டும் வேறு மாதிரி: மண் வெடிப்பு வழியாக இறங்கி, மேலாகத் தெரியும் கிழங்கின் கண்ணில் முட்டையிடும், புழு உள்ளே சுரங்கம் போடும். வெடிப்பில்லாத ஈர மண்ணும் நல்ல மண் அணைப்பும் இருந்தால் அதற்கு வழியில்லை.

தோண்டுவது

புதுக்கிழங்கு ருசிக்கு ஆசைப்பட்டால், பூத்து இரண்டு, மூன்று வாரத்தில் செடியோரம் கைவிட்டுத் தடவி இரண்டொன்றை எடுத்துக்கொள்ளலாம், செடி கண்டுகொள்ளாது. சேமிக்கும் கிழங்குக்கு இலை பாதிக்குமேல் மஞ்சளாகிச் சாயவேண்டும். அப்போது தண்ணீரைக் குறைத்து, தண்டை அறுத்துவிட்டு 10 முதல் 14 நாள் காத்திருங்கள். இந்தக் காத்திருப்பைத் தவிர்ப்பவர்கள்தான் சேமிப்பில் பாதியை இழக்கிறார்கள். தோல் முற்ற அந்த நாட்கள் வேண்டும். ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தித் தேயுங்கள். தோல் உரிந்தால் இன்னும் சில நாள்.

மண் உலர்ந்த நாளில், செடியிலிருந்து 1 அடி தள்ளி மண் கிளறும் முள்கரண்டியை இறக்கி நெம்புங்கள், அல்லது கையாலேயே தோண்டுங்கள். கழுவ வேண்டாம். நிழலில் ஒன்றிரண்டு மணி நேரம் ஈரம் உலர்ந்ததும், வெட்டுப்பட்டதைச் சமையலுக்கு ஒதுக்கி, மற்றவற்றை இருட்டில் 10 முதல் 18 டிகிரியில் இரண்டு வாரம் பரப்பி வைத்தால் சிறு காயங்கள் ஆறும். பிறகு 5 முதல் 8 டிகிரி இருட்டறையில் பல மாதம் தாங்கும். அப்படி இடமில்லாத வீட்டில், காற்றாடும் இருட்டு மூலையில் சாக்கில் வைத்து ஒன்றிரண்டு மாதத்தில் தீர்த்துவிடுவதே உத்தி. குளிர்ப்பெட்டி தீர்வல்ல: 4 டிகிரிக்குக் கீழே மாவு சர்க்கரையாக மாறும், வறுத்தால் கறுக்கும். வெங்காயத்தைப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

பச்சை படர்ந்த கிழங்கில் பச்சை நிறம் கெடுதல் அல்ல. அதோடு கூடவே உருவாகும் சொலனின் என்ற கசப்பு நஞ்சுதான் கெடுதல். வேகவைத்தாலும் பொரித்தாலும் அது முழுதாக அழியாது. சிறு திட்டு என்றால் ஆழமாகச் சீவி எறியலாம். பெரும்பகுதி பச்சையாகவோ வாயில் கசப்பாகவோ இருந்தால் முழுக்கிழங்கையும் எறியுங்கள்.

விளைச்சல்? செடிக்கு முக்கால் கிலோவிலிருந்து 1 கிலோ, ஆக 16 செடிக்கு 12 முதல் 16 கிலோ வந்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள். போட்ட விதையின் எடையைப்போல் பத்து மடங்கு என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம். முதல் தடவை 8 கிலோ வந்தால் அதைத் தோல்வி என்று சொல்ல மாட்டோம், கிழங்குகளைப் பரப்பி வைத்து மேலே சொன்ன அடையாளங்களைத் தேடுங்கள்.

அதே பாத்தியில் அடுத்த ஆண்டும் உருளை போடக் கூடாது. தக்காளி, கத்தரி, மிளகாய் எல்லாம் அதன் சொந்தக்காரர்கள், அவையும் கூடாது. மூன்று ஆண்டு பீன்ஸ், கீரை, முள்ளங்கி, வெங்காயம் என்று சுற்றிவிட்டுத் திரும்புங்கள். ஒரே பாத்திதான் இருக்கிறது என்றால் இடைப்பட்ட ஆண்டுகளில் உருளையைப் புது மண் நிரப்பிய சாக்குப்பையில் போட்டுச் சமாளிக்கலாம். தோண்டி முடித்த அன்றே மண்ணைக் கையால் அளைந்து, கோலி அளவுக் கிழங்குகளையும் பொறுக்கிவிடுங்கள். என்னதான் பொறுக்கினாலும் இரண்டு, மூன்று தப்பித்து, அடுத்த பருவத்தில் பீன்ஸுக்கு நடுவே தலைநீட்டும். போன வருஷத்துக் கருகல் அதில்தான் பதுங்கியிருக்கும், பார்த்த அன்றே அடிக்கிழங்கோடு பிடுங்கிவிடுங்கள்.